புதுக் கணினியில் பழைய தமிழ்க் கோப்புகள் உடைந்து தெரிகின்றன

கேள்வி: கீழவீதி

வணக்கம். விண்டோஸ் 7 கணினியில் இருந்த கோப்புகளை எல்லாம் புது விண்டோஸ் 11 கணினிக்கு மாற்றியாயிற்று. வேர்ட் 2021, எக்செல், ஃபோட்டோஷாப் இருக்கின்றன. இணையப் பக்கங்களில் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. கோப்புகளைத் திறந்தால்தான் சிக்கல், அதுவும் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை.

2004 வாக்கில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்புகளில் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகள்தான் வரிசையாக நிற்கின்றன. ‘தமிழ்’ இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி.

2012-இல் லதா எழுத்துருவில் செய்த கோப்புகள் தமிழாகவே தெரிகின்றன. ஆனால் வரிகள் நகர்ந்து, 40 பக்கம் 43 ஆகிவிட்டது. அட்டவணைக் கட்டங்களுக்குள் பெயர்கள் மடிந்து விழுகின்றன.

முகவரிப் பட்டியல் ஒன்று சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெற்று உரை) கோப்பாக இருக்கிறது. எக்செலில் திறந்தால் தலையில் கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, மறுபடி அதே ‘ஏ’ என்று போகிறது. நோட்பேட் கோப்பு ஒன்றில் முழுக்கக் கேள்விக்குறி. ஃபோட்டோஷாப்பில் ‘கொடி’ என்று அடித்தால் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது.

விண்டோஸை மறுபடி நிறுவச் சொல்கிறார்கள். 300 தமிழ் எழுத்துருக்கள் உள்ள தொகுப்பு ஒன்றைப் போட்டால் சரியாகிவிடும் என்றும் சொல்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: எழுத்தாணி

இரண்டையும் செய்யாதீர்கள். உங்களுக்கு வந்திருப்பது ஐந்து வெவ்வேறு கோளாறுகள், ஒன்றின் மருந்து இன்னொன்றுக்கு ஆகாது. கோப்புக்குள் இருப்பது எண்கள். எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியல்தான் குறிமுறை, உலக மொழிகளுக்குப் பொதுவான பட்டியல் யூனிகோடு. அந்த எண்ணுக்கு எந்த வடிவத்தை வரைவது என்பது எழுத்துருவின் வேலை. எண் கெட்டதா, வடிவம் கிடைக்கவில்லையா, வடிவங்களை வரிசைப்படுத்தும் மென்பொருள் தன் வேலையைச் செய்யவில்லையா என்பதைத் திரையில் தெரியும் குப்பையைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

முதலில் கேள்விக்குறி, அதுதான் மோசமான செய்தி. தமிழுக்கு விண்டோஸில் பழைய ஏஎன்எஸ்ஐ குறிமுறை என்று ஒன்று இருந்ததே இல்லை. யூனிகோடு தமிழை ஏஎன்எஸ்ஐ என்று தேர்ந்து சேமித்தால் ஒவ்வொரு எழுத்தும் நிஜமான கேள்விக்குறியாகவே கோப்பில் எழுதப்படும். எந்த எழுத்துருவும் அதைத் திருப்பித் தராது. பழைய கணினி இன்னும் கையில் இருந்தால் அங்கே உள்ள மூலத்தைத் தேடுங்கள். கோப்பின் மேல் வலது சொடுக்கி ப்ராப்பர்ட்டீஸில் ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ் பகுதியையும் பாருங்கள். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் இயல்பாகவே யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் சேமிக்கிறது, ஆகவே இனி இது எளிதில் நேராது.

கேள்விக்குறிக்குப் பதில் வெற்றுக் கட்டம் வந்தால் பயம் வேண்டாம். எண் பத்திரமாக இருக்கிறது, எழுத்துருவில் வடிவம்தான் இல்லை. பெரும்பாலும் சரியாக இருக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து மட்டும் கட்டமாகும்: ‘ஶ’ யூனிகோடில் 2005-இல்தான் சேர்ந்தது, அதற்கு முந்தைய எழுத்துருக்களில் கிடையாது. மா, காணி போன்ற பழைய பின்ன அளவைக் குறிகள் வந்தது 2019-இல்.

சிஎஸ்வி விவகாரம் இரண்டு நிமிட வேலை. யூடிஎஃப்-8-இல் வழக்கமான ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. மேற்கத்தியக் குறிமுறையில் 224 என்றால் கோடு போட்ட ‘ஏ’, 174 என்றால் வட்டத்துக்குள் ‘ஆர்’. நீங்கள் பார்ப்பது அதைத்தான். கோப்பு நன்றாக இருக்கிறது, எக்செல் தவறான குறிமுறையில் வாசிக்கிறது. அதை இரட்டைச் சொடுக்கித் திறக்காதீர்கள். காலிப் பக்கம் ஒன்றைத் திறந்து, டேட்டா, ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி போய்க் கோப்பைக் காட்டுங்கள். வரும் சாளரத்தில் ஃபைல் ஆரிஜின் என்பதை 65001 யூனிகோட் யூடிஎஃப்-8 என்று மாற்றினால் முன்னோட்டத்திலேயே தமிழ் வந்துவிடும். பிறகு சேமிக்கும்போது சிஎஸ்வி யூடிஎஃப்-8 வகையைத் தேர்ந்தெடுங்கள், அடுத்த முறை நேராகவே திறக்கும். ஒன்றில் மட்டும் கவனம்: குப்பை தெரியும் நிலையில் அப்படியே சேமித்துவிட்டால் அந்தக் குப்பையே கோப்பாகிவிடும்.

லதாவுக்கு வருவோம். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் இயல்பாக வருவதில்லை. நிர்மலா யுஐ மட்டுமே இருக்கும். எழுத்தின் அகலமும் வரி உயரமும் லதாவிலிருந்து மாறுபடுவதால்தான் உங்கள் 40 பக்கம் 43 ஆனது. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று தேடிப் போய், சேர்க்கும் பட்டியலில் டமில் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணைய இணைப்பு வேண்டும். நிறுவியதும் வேர்டை மூடித் திறந்தால் பக்கங்கள் பழைய இடத்துக்கு வரும். எந்த எழுத்துருவுக்குப் பதில் எது போடப்படுகிறது என்று பார்க்க வேர்டின் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பகுதியில் ஃபான்ட் சப்ஸ்டிட்யூஷன் என்ற பொத்தான் இருக்கிறது. இந்தக் கோப்புகளை வேறு இடத்துக்கு அனுப்புவதானால் ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் எழுத்துருவைக் கோப்போடு பதிக்கும் தேர்வை இயக்கி அனுப்புங்கள்.

பதில்: அச்சுக்கூடம்

ஃபோட்டோஷாப்பைப் பற்றி மட்டும். யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் க, அடுத்து கொம்பு என்றுதான் சேமிக்கப்படும். கொம்பை முன்னால் கொண்டு போவதும், ‘கொ’-வில் குறியை இரண்டாகப் பிரித்து க-வின் இருபுறமும் வைப்பதும் காட்டும்போது நடக்கும் வேலை. அந்த வேலையைச் செய்யாத உரைப்பொறி (டெக்ஸ்ட் எஞ்சின்) சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும்.

எடிட், ப்ரிஃபரன்ஸஸ், டைப் போய், டெக்ஸ்ட் எஞ்சினை வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்று மாற்றுங்கள். பழைய பதிப்புகளில் அது மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன் என்றிருக்கும். நிரலை மூடித் திறந்து புதுக் கோப்பு தொடங்குங்கள். ஏற்கெனவே அடித்த உரை தானாக மாறாது, அந்த லேயரைத் தேர்ந்தெடுத்து பாராகிராஃப் பலகத்தின் மூலைப் பட்டியலிலும் அதே லேஅவுட்டைக் கொடுக்க வேண்டும். இன்டிசைனில் இதற்கு இணையானது அடோபி வேர்ல்ட்-ரெடி கம்போசர்.

அந்த 300 எழுத்துருத் தொகுப்பு வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்ட தொகுப்புகளில் பெரும்பாலானவை யூனிகோடுக்கு முந்தையவை, கோப்பின் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே பெயர் கொண்டவையும் இருக்கும். இரண்டு மோதினால் எது வரும் என்று சொல்ல முடியாது. டைப் 1 என்ற பழைய அடோபி வகை எழுத்துருக்கள் இருந்தால் அவையும் பயனில்லை. அடோபி 2023 ஜனவரியோடு அவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது.

பதில்: எழுத்தாணி

2004 கோப்புகளை விட்டுவிட்டேன். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றால் சந்தேகமே இல்லை, பாமினி. அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது: ஜே-யில் த, கே-யில் ம, பி-யில் இகரக் குறி, ஓ-வில் ழ, அரைப்புள்ளியில் புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரிகிறது. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறிமுறைகளையும் தரமாக அறிவித்தது. 2010-இல்தான் யூனிகோடு அரசுத் தரமானது. இடைப்பட்ட ஆண்டுகளின் கோப்புகளில் எதுவும் இருக்கலாம். டாப், திஸ்கி (இன்னொரு பழைய குறிமுறை) கோப்புகளில் எழுத்துரு இல்லாவிட்டால் சாதா ஆங்கில எழுத்துக்குப் பதில் மேலே கீழே கோடும் புள்ளியும் ஒட்டிய ஐரோப்பிய எழுத்துகள் தெரியும்.

படிக்க மட்டும் என்றால் பாமினி எழுத்துருக் கோப்பை வலது சொடுக்கி ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுங்கள். வெறும் இன்ஸ்டால் கொடுத்தால் விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து அந்தப் பயனருக்கு மட்டுமே நிறுவப்படுகிறது, சில நிரல்கள் அதைக் காண்பதில்லை. வைத்துக் காக்க வேண்டிய கோப்பு என்றால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மாற்றி மென்பொருள் போதும்.

மாற்றும் முன் நகல் எடுத்து, நகலில் ஒரு வேலை. மாற்றிக்கு ஆங்கிலம் எது, பாமினி எது என்று தெரியாது. மின்னஞ்சல் முகவரியையும் தமிழாக்கிவிடும். கன்ட்ரோல்+எச் அழுத்தி, மோர், ஃபார்மேட், ஃபான்ட் வழியாகத் தேடும் பெட்டிக்குப் பாமினி என்ற எழுத்துருவையும், மாற்றும் பெட்டிக்குச் சிவப்பு நிறத்தையும் கொடுத்து ரீப்ளேஸ் ஆல். சிவப்பாக இருப்பதை மட்டும் மாற்றியில் போடுங்கள், கறுப்பைத் தொடாதீர்கள்.

கீழவீதி

நன்றி. லதா, சிஎஸ்வி, ஃபோட்டோஷாப் மூன்றும் சரியாகிவிட்டன. பாமினி கோப்புகளை மாற்றியதில் இரண்டு குறைகள். சில வாக்கியங்களின் முதல் சொல் தவறாக இருக்கிறது: ‘துமிழ்’, ‘குடல் அலைகள்’. இன்னொன்று, ‘வௌியே’, ‘தௌிவு’, ‘வௌ்ளம்’ என்று வருகிறது. சிலவற்றில் புள்ளிக் கோட்டு வட்டமும் தெரிகிறது. ‘வெளியே’ என்று தேடினால் ஒன்றும் கிடைப்பதில்லை. மாற்றி கெட்டதா?

பதில்: பிழைதிருத்தி

மாற்றி மேல் தவறில்லை. இரண்டும் பாமினியின் அமைப்பிலேயே இருப்பவை, பார்த்துத் திருத்தாமல் விட்டால் கோப்பு என்றைக்கும் தேடலுக்கு உதவாது.

முதலாவது வேர்டின் வேலை. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட், தட்டச்சும்போதே சின்ன ஜே-யைப் பெரிய ஜே ஆக்கியிருக்கிறது. பாமினியில் சின்ன ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. அதேபோல் க ‘கு’ ஆகும், ம ‘மு’ ஆகும், ப ‘பு’ ஆகும். ‘துமிழ்’ கண்ணில் பட்டுவிடும். ஆபத்தானவை வேறு சரியான சொல்லாக மாறுபவை: கடல் ‘குடல்’ ஆகிறது, பள்ளி ‘புள்ளி’ ஆகிறது. எழுத்துப்பிழை பார்க்கும் எந்த மென்பொருளும் இவற்றைப் பிடிக்காது. வாக்கியத் தொடக்கங்களையும் அட்டவணைக் கட்டங்களின் முதல் சொற்களையும் கண்ணால் படித்தே திருத்த வேண்டும். இன்னும் பாமினியில் தட்டச்சு செய்பவர்கள் ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் இரண்டு தேர்வுகளையும் நீக்கிவிட வேண்டும், வாக்கியத்துக்கு ஒன்று, அட்டவணைக் கட்டத்துக்கு ஒன்று.

இரண்டாவது, ஔகாரம். பாமினியில் ‘கௌ’ எழுதத் தனிக் குறி கிடையாது, கொம்பு, க, ள என்று மூன்று விசைகள். ‘கெள’ எழுதவும் அதே மூன்று விசைகள். ஆகவே ‘வெளி’ என்பதில் கொம்பு, வ, ள வரிசையைக் கண்டதும் மாற்றி ‘வௌ’ என்று முடிவு கட்டுகிறது, மிச்சமிருக்கும் இகரக் குறி ஆதரவில்லாமல் நிற்கிறது. அந்த வட்டம் இதற்குத்தான்: ஒட்டிக்கொள்ள மெய் இல்லாத குறிக்கு மென்பொருள் போடும் அடையாளம்.

திருத்துவது எளிது, காரணம் ஔகாரக் குறிக்குப் பின் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ தமிழில் வரவே வராது. ஆகவே ‘ௌி’ என்று தேடி ‘ெளி’ என்று மாற்றுங்கள், ‘ௌ்’ என்பதை ‘ெள்’ என்று மாற்றுங்கள், பிறகு ‘ௌீ’, ‘ௌா’. இவற்றுக்கு ரீப்ளேஸ் ஆல் கொடுக்கலாம். இங்கிருந்தே நகலெடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டிக்கொள்ளுங்கள், விசைப்பலகையில் அடிக்கச் சில உள்ளீட்டு முறைகள் விடாது. ‘ளு’ பாமினியில் தனி விசை என்பதால் அதில் இந்தக் குழப்பம் வராது. கடைசியாக, தனித்து நிற்கும் ‘ௌ’ ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்த்துச் செல்லுங்கள். மௌனம், பௌர்ணமி, கௌரி, சௌந்தரம் போன்றவை சரியானவை.

தலைகீழான பிழையும் உண்டு: யூனிகோடிலேயே அடிக்கும்போது ‘கௌரி’ என்பதற்குக் கொம்பும் ள-வும் போட்டு ‘கெளரி’ என்று எழுதுவது. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடலும் அகரவரிசையும் மட்டும் பிசகும். பெயர்ப் பட்டியல் வைத்திருப்பவர்கள் இதையும் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

கீழவீதி

ரீப்ளேஸ் ஆல் கொடுத்ததில் 212 இடங்கள் திருந்தின. முதல் சொற்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சந்தேகம்: ஒரு கோப்பில் லை, னை, ளை எல்லாம் துதிக்கை போட்ட பழைய வடிவத்தில் வருகின்றன. இதுவும் கோளாறா?

பதில்: பிழைதிருத்தி

இல்லை. 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள் அவை. சில எழுத்துருக்கள் அப்படியே வரைந்திருக்கின்றன. அடியில் உள்ள எண்கள் ஒன்றுதான். எழுத்துருவை நிர்மலா யுஐ ஆக்கினால் புது வடிவம் வந்துவிடும்.

பதில்: எழுத்தாணி

எல்லாம் செய்த பிறகும் ஏதாவது ஒரு நிரலில் மட்டும் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தெரிந்தால் எழுத்துருக்களுக்காக விண்டோஸ் வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பு (ஃபான்ட் கேஷ்) கெட்டிருக்கலாம். சர்வீசஸ் சாளரத்தில் விண்டோஸ் ஃபான்ட் கேஷ் சர்வீஸை நிறுத்துங்கள். பிறகு சி டிரைவில் விண்டோஸ், சர்வீஸ்ப்ரொஃபைல்ஸ், லோக்கல்சர்வீஸ், ஆப்டேட்டா, லோக்கல், ஃபான்ட்கேஷ் என்று உள்ளே போய் அங்குள்ள கோப்புகளை மட்டும் நீக்கி, சர்வீஸைத் தொடங்கிக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் அவற்றைத் தானே மறுபடி உருவாக்கிக்கொள்ளும். ஃபான்ட்ஸ் கோப்புறையில் இருப்பவற்றைத் தொடாதீர்கள்.