க்ரூஸ் கப்பலில் தனிக் காசு கொடுத்துச் சாப்பிடுவது தேவையா?

வண்ணை கௌரி

அப்பாவின் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு குடும்பமாக சிங்கப்பூரிலிருந்து ராயல் கரீபியன் கப்பலில் நான்கு இரவு போகிறோம். பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணம். எட்டுப் பேர். அப்பா அம்மா சுத்த சைவம், என் வீட்டில் மாட்டுக்கறி மட்டும் கிடையாது, தம்பி வீட்டில் எல்லாம் சாப்பிடுவார்கள். டிக்கெட்டிலேயே சாப்பாடு அடக்கம். மெயின் டைனிங் இருக்கிறது, பஃபே இருக்கிறது. ஆனால் பணம் கட்டிய நாளிலிருந்து ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்டில் (தனிக் காசு கொடுத்துச் சாப்பிடும் சின்ன ரெஸ்டாரண்ட்) இடம் பிடியுங்கள், எல்லா இரவுக்கும் சேர்த்துப் பேக்கேஜ் வாங்குங்கள் என்று மெயிலாக வருகிறது. அதில் ஒன்றான ஸ்டேக் ஹவுஸில், அதாவது மாட்டுக்கறித் துண்டைச் சுட்டுக் கொடுக்கும் இடத்தில், இரவுச் சாப்பாட்டுக்கு எனக்குக் காட்டிய விலை ஆளுக்கு 60 டாலர், அதன்மேல் 18 சதவீதம் சர்வீஸ் சார்ஜ். நம் காசில் ஆறாயிரத்தைத் தாண்டுகிறது, எட்டுப் பேருக்கு ஒரே வேளையில் கிட்டத்தட்ட ஐம்பதாயிரம். தம்பி வாங்கியே ஆக வேண்டும் என்கிறான், என் வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

காசிமேடு செல்வம்

வேண்டாம் அக்கா. காரணம் ருசி கிடையாது, கணக்கு. நீங்கள் டிக்கெட் வாங்கியபோதே அந்த நான்கு இரவுச் சாப்பாட்டுக்கும் காசு கொடுத்துவிட்டீர்கள். தனி ரெஸ்டாரண்டுக்குப் போகிற அன்று மெயின் டைனிங்கில் உங்கள் எட்டு நாற்காலியும் காலியாக இருக்கும், அதற்காக ஒரு பைசா திரும்பி வராது. ஒரே இரவுக்கு இரண்டு தடவை காசு.

அப்புறம் கடல் மீன், இறால் என்று மெனுவில் பார்த்து மயங்க வேண்டாம். கப்பலில் வருவது பெரும்பாலும் ஐஸில் உறைய வைத்த சரக்குதான், ஆயிரக்கணக்கான பேருக்கு மொத்தமாக ஏற்றுகிறவர்களுக்கு வேறு வழியும் கிடையாது. ஞாயிறு விடியற்காலையில் காசிமேட்டில் போட்டிலிருந்து இறங்கிய வஞ்சிரத்தையும் சங்கராவையும் பேரம் பேசி வாங்கிச் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அதில் என்ன இருக்கிறது?

ராயபுரம் மேரி

செல்வம் தம்பி, மீனுக்காக யாரும் அங்கே போவதில்லை. நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன், அது வேறு கம்பெனிக் கப்பல். மெயின் டைனிங் என்பது பெரிய கல்யாண மண்டபம் மாதிரி, ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், தட்டுச் சத்தமும் பேச்சுச் சத்தமும் ஓயாது. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே அவருக்குக் கேட்கவில்லை. அடுத்த நாள் சின்ன ரெஸ்டாரண்டுக்குப் போனோம். ஜன்னலோர மேசை, ஒரே பரிமாறுபவர், அவசரமே இல்லாமல் இரண்டு மணி நேரம். அந்தப் பயணத்திலேயே அம்மா முழுதாகப் பேசிய இரவு அதுதான். அதற்குக் கொடுத்த காசு எனக்கு உறுத்தவே இல்லை. கௌரி, அறுபதாம் கல்யாணம் தினமும் வருமா? ஒரு இரவு போங்கள். நாலு இரவும் வேண்டாம், ஒன்று போதும்.

பெரம்பூர் பாஸ்கர்

மெயில் ஏன் அத்தனை வருகிறது என்று யோசியுங்கள். ராயல் கரீபியனின் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதம் டிக்கெட்டுக்கு வெளியேதான் வருகிறது, அதாவது மது, சூதாட்டம், கரையில் சுற்றிக் காட்டுவது, இணையம், இந்தத் தனி ரெஸ்டாரண்டுகள் எல்லாம் சேர்த்து. டிக்கெட்டைக் கவர்ச்சியான விலைக்குக் கொடுத்து ஆளை ஏற்றிவிட்டு உள்ளே சம்பாதிப்பதுதான் இந்தத் தொழிலின் வழி. எனக்குக் கவலை என்னவென்றால், காசு கொடுத்துச் சாப்பிடும் இடம் பெருகப் பெருக, காசில்லாத சாப்பாடு மெலிந்துகொண்டே போகிறது. கார்னிவல் கம்பெனிக் கப்பல்களில் மெயின் டைனிங்கில் மூன்றாவது மெயின் டிஷ் கேட்டால் 5 டாலர் என்று ஆக்கிவிட்டார்கள். ராயல் கரீபியனில் மெயின் டைனிங் மெனுவிலேயே சில அயிட்டங்களுக்குத் தனி விலை போட்டிருக்கும். நாம் வாங்க வாங்க இது வளரும். அதனால்தான் நான் வாங்குவதில்லை, வாங்க வேண்டாம் என்று சொல்லவும் செய்கிறேன்.

ராயபுரம் மேரி

இது என்னவோ இன்று நேற்று முளைத்தது போலச் சொல்கிறீர்கள் பாஸ்கர் சார். 1912-இல் டைட்டானிக் கப்பலிலேயே முதல் வகுப்புக்காரர்களுக்குத் தனிக் காசு கொடுத்துச் சாப்பிடும் ரெஸ்டாரண்ட் இருந்தது, கட்டி என்கிற இத்தாலியர் நடத்தினார். விருப்பப்பட்டவர் போனார், மற்றவர் பொது ஹாலில் சாப்பிட்டார்.

பெரம்பூர் பாஸ்கர்

அதையும் முழுதாகச் சொல்லுங்கள் மேடம். அந்தக் கப்பலில், சாப்பாடு முழுவதையும் ரெஸ்டாரண்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று முன்பே சொன்னவருக்கு டிக்கெட்டில் ஒரு தொகையைக் கழித்துக் கொடுத்தார்கள். பொது ஹாலில் சாப்பிடாதவரிடம் அந்தச் சாப்பாட்டுக்குக் காசு வாங்கக் கூடாது என்கிற நியாயம் அன்றைக்கு இருந்தது. இன்றைக்குக் கழிக்கிறார்களா? கழித்தால் நானே முதலில் புக் செய்வேன்.

தண்டையார்பேட்டை கப்பல்காரன்

நான் பல வருடம் கப்பல் சமையலறையில் வேலை பார்த்தவன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது.

மெயின் டைனிங் சமையல் விருந்துச் சமையல். ஒரு பந்தியில் ஆயிரம் பேருக்கு மேல் உட்காருவார்கள், அடுத்த பந்தியில் இன்னொரு ஆயிரம். ஒவ்வொரு தட்டையும் கேட்டபின் சமைத்துக்கொண்டிருந்தால் இரவு முழுக்கப் பரிமாற வேண்டியதுதான். அதனால் மீன், கோழி, இறைச்சி எல்லாம் முன்கூட்டியே முக்கால் பதம் வெந்து சூட்டுப் பெட்டியில் இருக்கும், சர்வர் வந்ததும் தட்டில் அடுக்கிக் குழம்பை ஊற்றி அனுப்புவோம். சூப், குழம்பு, கூட்டு, கேக் இந்த முறையில் நன்றாகவே வரும், சில நாள் தனி ரெஸ்டாரண்டைவிட நன்றாக வரும். கெட்டுப்போவது எது என்றால் அந்த நிமிஷத்தில் சுட்டுக் கொடுக்க வேண்டிய பண்டம். ஸ்டேக் அதில் முதல். சூட்டுப் பெட்டியில் பத்து நிமிஷம் இருந்தாலே அது வேறு பண்டம் ஆகிவிடும். தனி ரெஸ்டாரண்டில் சின்ன அடுப்படி, குறைந்த மேசை, ஆர்டர் வந்தபின்தான் கல்லில் போடுவார்கள். இறைச்சித் துண்டும் உயர்ந்த ரகம். வித்தியாசம் உண்மை.

ஆனால் அந்த வித்தியாசம் யாருக்கு? ஸ்டேக் சாப்பிடுகிறவருக்கு. கௌரி அம்மா, உங்கள் எட்டுப் பேரில் மாட்டுக்கறி சாப்பிடுவது தம்பி குடும்பம் மட்டும்தானே. மற்றவர்கள் அங்கே போய்க் கோழியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டாலும் அதே 60 டாலர்தான், ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குகிற இடம் அது. சைவம் சாப்பிடுகிற அப்பா அம்மாவுக்கு அந்த மெனுவில் பெரும்பாலும் சாலடும் வதக்கிய காய்கறியும்தான் கிடைக்கும்.

இன்னொன்று. பயணிகள் கப்பலில் கேஸ் அடுப்பு கிடையாது, தீப்பிடிக்கிற பயத்தில் எல்லாம் மின்சாரம். ஆகவே கரி மணம், தந்தூரி அடுப்பு மணம் வேண்டும் என்று எந்த ரெஸ்டாரண்டுக்கும் காசு கட்டாதீர்கள்.

மின்ட் தெரு சைவம்

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் குடும்பத்தோடு வெங்காயம் பூண்டு இல்லாமல் சாப்பிடுகிறவர்கள். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் கப்பல்களில் இந்தியர் கூட்டம் அதிகம், பஃபேயில் பருப்பு, சாதம், பன்னீர் ஏதாவது இருக்கும். மெயின் டைனிங்கில் முதல் நாள் ஹெட் வெயிட்டரிடம் போய் நாளைக்கு இத்தனை பேருக்கு இன்னின்ன மாதிரி வேண்டும் என்று சொன்னால் தனியாகச் செய்து கொண்டுவருகிறார்கள். அதற்குக் கூடுதல் காசு கேட்கவில்லை. எங்களுக்கு அதுதான் ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரண்ட். கண் முன்னால் சமைத்துக் காட்டுகிற ஜப்பானிய மேசை ஒன்று இருக்கும், பிள்ளைகள் அதற்குப் பிடிவாதம் பிடிப்பார்கள், அங்கே எல்லாருக்கும் ஒரே கல் என்பதை மறக்க வேண்டாம். அந்தக் கல்லில் முதலில் இறால் போகும், அப்புறம் உங்கள் காய்கறி. தனிச் சட்டியில் செய்யச் சொல்லி முன்பே பேசினால் உண்டு, இல்லாவிட்டால் அப்பா அம்மா எழுந்து வந்துவிடுவார்கள்.

காசிமேடு செல்வம்

பார்த்தீர்களா. நான் இரண்டு தடவை காசு என்று சொன்னதுக்கு மேரி அக்கா இதுவரை பதில் சொல்லவில்லை.

ராயபுரம் மேரி

சொல்கிறேன். பினாங்கில் கப்பல் நிற்கிற அன்று மதியச் சாப்பாட்டுக்கும் டிக்கெட்டில் காசு கொடுத்தாகிவிட்டது, சரியா? அன்றைக்குக் கீழே இறங்கி நாசி கண்டார், அந்த ஊர்ச் சோறும் குழம்பும், சாப்பிடுவாயா மாட்டாயா? சாப்பிடுவாய். அப்போது மட்டும் இரண்டு தடவை காசு என்று தோன்றாது. கிடைக்காத ஒன்று கிடைக்கிறது என்பதால் கொடுக்கிறாய். நானும் அப்படித்தான், எனக்குக் கிடைக்காதது அமைதியான மேசை. அதற்கு விலை உண்டு, கொடுத்தேன். கொடுத்த காசு வீணா இல்லையா என்பதை டிக்கெட் கணக்கு வைத்து நீ எப்படிச் சொல்ல முடியும்?

காசிமேடு செல்வம்

நாசி கண்டாருக்குச் சில ரிங்கிட், ஸ்டேக் ஹவுஸுக்கு 60 டாலர். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம் அக்கா. ஆனால் பினாங்கை நீங்களே இழுத்ததால் சொல்கிறேன், எட்டுப் பேருக்கு ஆகிற அந்த ஐம்பதாயிரத்தை அங்கே கொண்டுபோங்கள் கௌரி அக்கா. ஸ்வெட்டன்ஹம் துறைமுகத்தில் கப்பல் நிற்கும், அங்கிருந்து நடந்தே லிட்டில் இந்தியாவுக்குப் போய்விடலாம். அந்த ஊருக்கும் ஜார்ஜ் டவுன் என்றுதான் பெயர், நம் பாரிமுனைப் பக்கம் போலவே பழைய கட்டடம், குறுகிய தெரு, மசூதி, மாரியம்மன் கோவில் எல்லாம் அடுத்தடுத்து. நாசி கண்டார் அங்கே போன தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோல் சுமந்து விற்று வளர்த்த சாப்பாடு. அப்பா அம்மாவுக்கு வாழையிலைச் சாப்பாடே கிடைக்கும். எட்டுப் பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டு, ஒரு வண்டி வைத்து ஊரையும் சுற்றிப் பார்த்த பிறகும் காசு மிஞ்சும்.

பெரம்பூர் பாஸ்கர்

செல்வம் சொன்னதற்கு மேல் ஒன்று. பேக்கேஜ் வாங்கினால் எல்லா இரவும் அங்கே போயாக வேண்டும், இல்லாவிட்டால் கொடுத்த காசு வீண். ஒவ்வொரு சாப்பாடும் இரண்டு மணி நேரம் என்றால் தியேட்டரில் நடக்கிற நிகழ்ச்சி போய்விடும். நான்கே இரவுப் பயணம். அந்த நிகழ்ச்சிகளும் டிக்கெட்டில் அடக்கம்தான்.

மின்ட் தெரு சைவம்

சென்னைத் துறைமுகத்திலிருந்து 2022 ஜூனில் கார்டிலியா கப்பல் ஓடத் தொடங்கியதே, முதல்வர் கொடியசைத்து அனுப்பினாரே, அதில் நாங்கள் போனோம். 1990-இல் ராயல் கரீபியனுக்காகக் கட்டிய கப்பல்தான் அது. அதிலும் சீனச் சாப்பாட்டுக்குத் தனிக் காசு வாங்குகிற இடம் இருந்தது. நாங்கள் அந்தப் பக்கம் போகவே இல்லை, பொதுச் சாப்பாட்டிலேயே சைவம் தாராளமாகக் கிடைத்தது. சீன நூடுல்ஸுக்குக் கப்பலில் காசு கொடுக்கிறவர்கள் பர்மா பஜார் பக்கம் கிடைக்கும் பர்மிய நூடுல்ஸான அத்தோவை ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும் (எங்கள் வீட்டில் முட்டை இல்லாத அத்தோ).

வண்ணை கௌரி

எல்லாருக்கும் நன்றி. பேக்கேஜ் வேண்டாம் என்பதில் இப்போது எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மேரி அக்கா சொன்ன இரைச்சல் விஷயம் யோசிக்க வைக்கிறது, அப்பாவுக்கும் கூட்டத்தில் உட்கார்ந்து சாப்பிடப் பிடிக்காது. கப்பல்காரன் அண்ணே, தனி ரெஸ்டாரண்டுக்குப் போகாமல் அமைதியாகச் சாப்பிட வழி உண்டா? தம்பி ஸ்டேக் கேட்கிறானே, அவர்கள் மட்டும் போனால் போதுமா?

தண்டையார்பேட்டை கப்பல்காரன்

உண்டும்மா. கப்பல் ஏறிய உடனே, அறைக்குப் போகும் முன்பே, மெயின் டைனிங் வாசலில் இருக்கும் ஹெட் வெயிட்டரைப் பாருங்கள். எட்டுப் பேருக்கு ஒரே மேசை, சுவரோரமோ ஜன்னலோரமோ, நடுக்கூடத்தில் வேண்டாம், பெரியவர்கள் இரண்டு பேர் சைவம் என்று சொல்லுங்கள். முதல் நாள் மாற்றித் தருவது சுலபம், இரண்டாம் நாள் போனால் இடம் இருக்காது. நேரம் கேட்டால் முதல் பந்தி வேண்டாம், பிள்ளைக்குட்டிக் கூட்டம் அப்போதுதான்.

தம்பிக்கு ஸ்டேக் ஹவுஸ் மதியம் திறக்கிறதா என்று பாருங்கள். துறைமுகத்தில் நிற்காமல் கடலிலேயே ஓடுகிற நாளில் திறப்பார்கள், மெனு பெரும்பாலும் அதேதான், விலை இரவைவிடக் கணிசமாகக் குறைவு. அவனும் மனைவியும் பிள்ளைகளும் போகட்டும், சின்னப் பிள்ளைகளுக்குத் தனிக் குறைந்த விலை உண்டு. கப்பலில் ஏறின அன்றே தள்ளுபடி என்று சொல்லி மேசை போட்டு விற்பார்கள், இணையத்தில் முன்பே காட்டுகிற விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து எது குறைவோ அதை எடுங்கள். மெயின் டைனிங்கில் லாப்ஸ்டர் (சிங்கி இறால்) தருகிற இரவு உண்டு என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம், அது பொதுவாக ஏழு இரவுப் பயணங்களில் வருவது.

ராயபுரம் மேரி

அண்ணன் சொன்ன மேசை கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால், கௌரி, அப்பா அம்மாவை மட்டுமாவது ஒரு இரவு இத்தாலியச் சாப்பாட்டு ரெஸ்டாரண்டுக்கு அனுப்பு. பாஸ்தாவும் காளான் சாதமும் சைவமாகக் கேட்டு வாங்கலாம், இரண்டு பேருக்கு ஆகிற செலவு உன் ஐம்பதாயிரத்தில் கால் பங்குதான். எட்டுப் பேர் கணக்கைப் போட்டுவிட்டு இரண்டு பேரையும் சேர்த்து வேண்டாம் என்று சொல்வது சரியில்லை.

காசிமேடு செல்வம்

இரண்டு பேருக்கு என்றால் நான் சண்டை போடவில்லை அக்கா. ஆனால் இரண்டு பேரை மட்டும் தனியாக அனுப்பினால் அறுபதாம் கல்யாணத்துக்குக் குடும்பமே கப்பல் ஏறியதற்கு என்ன அர்த்தம்? எட்டுப் பேரும் ஒரே மேசை. அதற்குத்தான் முதல் நாளே ஹெட் வெயிட்டரிடம் போகச் சொல்கிறார் அண்ணன்.

வண்ணை கௌரி

மதியத்துக்குத் தம்பி வீட்டுக்கு மட்டும் போடுகிறேன், இரவுக்கு எட்டுப் பேர் மேசை கேட்கிறேன். முதல் இரவு மேசை எப்படி அமைகிறது என்று பார்த்துவிட்டு, அப்பா முகம் சுளித்தால் மேரி அக்கா சொன்ன இத்தாலிய இடத்தில் அன்று ராத்திரியே கேட்டுக்கொள்கிறேன். மின்ட் தெருக்காரரே, வெங்காயம் பூண்டு இல்லாமல் என்று அவர்களிடம் சொல்லும்போது எழுதிக் கொடுத்தீர்களா, வாயால் சொன்னதே போதுமா?

மின்ட் தெரு சைவம்

எழுதிக் கொடுங்கள். பயணத்துக்கு முன்பே கம்பெனிக்கு மெயிலும் போட்டுவிடுங்கள், பதில் வந்தால் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். அறை எண்ணையும் சாப்பாட்டு மேசை எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். சர்வர் மாறினாலும் அந்தச் சீட்டு சமையலறைக்குப் போய்ச் சேரும்.