நோரா வாங்கிய கடன்

ஐரோப்பிய இலக்கியத்தில் எங்கிருந்து தொடங்கலாம் என்று யார் கேட்டாலும், ஹென்ரிக் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தைத்தான் சொல்வேன். அதை எனக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தது என் அம்மா. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்.

கல்லூரியில் அது எங்களுக்குப் பாடம். 1879, நார்வே, மூன்று அங்கங்கள், கடைசியில் கதவைச் சாத்திவிட்டு வெளியேறும் மனைவி, பெண் விடுதலை. பரீட்சைக்கு இவ்வளவு போதுமாக இருந்தது. முழு நாடகத்தை நான் படிக்கவே இல்லை. இருபது வருடம் கழித்து, அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தபோது, அவருக்குச் சாயங்காலங்களில் எதையாவது படித்துக் காட்ட வேண்டியிருந்தது. கையில் அகப்பட்டது அந்தப் பழைய பாடப் புத்தகம். ஆங்கிலத்தில் பார்த்து, தமிழில் சொல்லிக்கொண்டே போனேன்.

முதல் காட்சி கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். நோரா கடைத்தெருவிலிருந்து வருகிறாள். கூலியாள் கேட்டது ஐம்பது ஓரே, அதாவது அரை குரோனர். ஒரு குரோனரைக் கொடுத்து, மீதியை வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். கணவன் டோர்வால்ட் ஹெல்மர் அவளை வானம்பாடி என்கிறான், அணில் என்கிறான், ஊதாரி என்றும் சொல்கிறான். அவள் கையில் பணம் கொடுக்கிறான். பத்து, இருபது, முப்பது, நாற்பது என்று அவள் எண்ணிக்கொள்கிறாள். அம்மா உடனே சொன்னார்: “பணம்னா இவ ஏன் இப்படிப் பறக்கிறா? இவளுக்கு எங்கேயோ கடன் இருக்குடி.”

கடன் விஷயம் கதையில் இன்னும் வரவே இல்லை. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

சில பக்கங்கள் தள்ளித்தான் நோரா தன் பழைய தோழியிடம் மனம் திறக்கிறாள். கல்யாணமான புதிதில் கணவனுக்கு உயிருக்கே ஆபத்தான நோய். தெற்கே இத்தாலிக்குப் போனால்தான் பிழைப்பான் என்கிறார்கள் வைத்தியர்கள். அவனுக்குத் தெரியாமல் 4,800 குரோனர் கடன் வாங்கி, அப்பா கொடுத்த பணம் என்று சொல்லி அவனை அழைத்துப் போகிறாள். அந்தக் காலத்தில் அங்கே கணவன் சம்மதம் இல்லாமல் மனைவி கடன் வாங்க முடியாது. கடன் கொடுத்த குரோக்ஸ்டாட் அவள் அப்பாவின் ஜாமீன் கையெழுத்தைக் கேட்கிறான். அப்பாவோ மரணப் படுக்கையில். அவளே கையெழுத்தைப் போட்டுவிடுகிறாள். அப்பா இறந்தது செப்டம்பர் 29. பத்திரத்தில் இருக்கும் தேதி அக்டோபர் 2. அந்த மூன்று நாள் வித்தியாசத்தில்தான் முழு நாடகமும் நிற்கிறது.

“வட்டி?” என்று கேட்டார் அம்மா. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வட்டி, அது போக அசலுக்குத் தவணை என்றேன். எப்படிக் கட்டினாளாம் என்று அடுத்த கேள்வி. துணிமணிக்குக் கணவன் கொடுத்ததில் பாதிக்கு மேல் செலவழிக்கவில்லை. போன குளிர்காலத்தில், எழுத்துகளைப் பிரதி எடுக்கும் வேலை கிடைத்து, அறையைப் பூட்டிக்கொண்டு ராத்திரி வெகுநேரம் எழுதினாள் என்று படித்தேன். அம்மா என்னை நிறுத்தினார். “இரு. முன்னாடி அந்த ஆள் ஒண்ணு சொன்னானே, பூனைன்னு?”

திருப்பிப் பார்த்தேன். முதல் காட்சியிலேயே ஹெல்மர் சொல்கிறான்: போன கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம், தினமும் நடுராத்திரி தாண்டும்வரை கதவைச் சாத்திக்கொண்டு மரத்துக்கு அலங்காரம் செய்தாய், கடைசியில் கண்ணில் காட்ட ஒன்றும் இல்லை. பூனை புகுந்து எல்லாவற்றையும் கிழித்துப் போட்டால் நான் என்ன செய்வது என்கிறாள் நோரா. அலங்காரமும் இல்லை, பூனையும் இல்லை. அந்த மூன்று வாரமும் அவள் கடனுக்காக எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். இப்சன் இதை எங்கேயும் விளக்குவதில்லை. கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்த அம்மா இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்.

அப்பா படுத்திருந்த இரண்டு வருடம், அம்மாவின் சங்கிலி அடகில் இருந்தது. வட்டி கட்ட ராத்திரியில் பக்கத்து வீட்டாருக்கு ஜாக்கெட் தைத்தார். இது அப்பாவுக்குத் தெரியாது. எனக்கே அன்று சாயங்காலம்தான் தெரியும்.

நோராவுக்குப் பின்னால் நிஜமான ஒரு பெண் உண்டு. லாரா கீலர், இப்சனுக்குத் தெரிந்த எழுத்தாளர். காசநோய் கண்ட கணவனைக் காப்பாற்ற ரகசியமாகக் கடன் வாங்கியவர். விஷயம் வெளியே வந்தபின் அவரை மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு மறுபடி படித்தால், நோராவின் பயம் வேறு மாதிரித் தெரியும். ஜெர்மனியில் முக்கிய நடிகை ஒருவர், குழந்தைகளை விட்டுப் போகும் தாயாக நடிக்க மாட்டேன் என்றதால், 1880-இல் இப்சனே முடிவை மாற்றி எழுத வேண்டி வந்தது. அதில் நோரா தூங்கும் குழந்தைகளைப் பார்த்து வாசலிலேயே துவண்டு விழுகிறாள். தன் நாடகத்துக்குச் செய்த காட்டுமிராண்டித்தனம் என்று அவரே அதை வெறுத்தார். அந்த முடிவைத் தவிர்த்துவிட்டு, மூல முடிவுள்ள பதிப்பையே படியுங்கள்.

மூன்றாவது அங்கத்தை அம்மா எழுந்து உட்கார்ந்து கேட்டார். கள்ளக் கையெழுத்தை அம்பலப்படுத்தும் குரோக்ஸ்டாட்டின் கடிதத்தைப் படித்ததும் ஹெல்மர் அவளைப் பொய்க்காரி, குற்றவாளி என்று திட்டுகிறான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கடிதம் வருகிறது. உள்ளே அந்தக் கடன் பத்திரமே இருக்கிறது. “நான் தப்பித்தேன்!” என்று கத்துகிறான். “நான்?” என்று கேட்கிறாள் நோரா. “நீயும்தான்” என்கிறான். கடிதங்களையும் பத்திரத்தையும் கிழித்து அடுப்பில் போட்டு, எரிவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

அப்புறம் கதவு சாத்தும் சத்தம் வரை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். அம்மா கதவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

“பத்திரத்தை எரிச்சானே, இத்தனை வருஷம் எப்படிக் கட்டினேன்னு அவகிட்டே ஒரு வார்த்தை கேட்டானா?”

பின்னால் போய் வரி வரியாகத் தேடினேன். கேட்கவில்லை.