பிள்ளைகளோடு சால்மன் பார்க்கப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஸ்காபரோ அப்பா:

செப்டம்பர் பிறந்தால், கனடாவின் டொராண்டோவில் எங்கள் பக்கத்து ஹைலண்ட் ஓடையில் முட்டையிடுவதற்காக ஏரியிலிருந்து சால்மன் மீன் ஏறத் தொடங்கும். மோர்னிங்சைட் பூங்காவுக்குள் நடந்து போய்க் கரையில் நின்றாலே போதும். பல இடங்களில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். மீனோ என் மகளின் கையைவிட நீளம். முதுகு வெளியே தெரிய, கூழாங்கல்லில் வயிறு உரச எதிர்நீச்சல் போடும்.

மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பார்த்ததுமே, "அப்பா, இது எந்தச் சால்மன்?" என்றாள். நிறத்தை வைத்துச் சொல்வது கஷ்டம். ஏரியில் வெள்ளியாக மின்னியது ஓடைக்குள் வந்ததும் பழுப்பாகிவிடும், ஆணுக்குத் தாடையும் வளைந்துவிடும். முட்டையிடும் வேலை முடிந்து கரையில் செத்துக் கிடந்த ஒன்றின் வாயைக் குச்சியால் திறந்து காட்டினேன். (நாற்றத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.) கீழ்ப்பற்களைச் சுற்றி ஈறு கறுப்பு. வாலின் மேல் பாதி, கீழ்ப் பாதி இரண்டிலும் கரும்புள்ளி. அப்படியென்றால் சினூக். கோஹோவாக இருந்தால் பல்லடியில் ஈறு வெளுத்திருக்கும், புள்ளியும் வாலின் மேல் பாதியில் மட்டும்தான் இருக்கும். அதன் பிறகு வழியில் கிடந்த எந்த மீனையும் வாய் பார்க்காமல் அவள் விடவில்லை.

இது ஒன்டாரியோ ஏரியின் சொந்த மீன் இல்லை என்பதையும் சொன்னேன். இங்கே இருந்தது அட்லாண்டிக் சால்மன். ஆலைகளுக்காக ஆறுகளை மறித்து, காட்டை வெட்டி, கணக்கில்லாமல் பிடித்து, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அதை ஒழித்துவிட்டார்கள். பசிபிக் பக்கத்துக் கோஹோவும் சினூக்கும் 1960களின் கடைசியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை.

வன்கூவர் அக்கா:

தம்பி, மகளுக்கு இந்தக் கை விளையாட்டையும் சொல்லிக் கொடுங்கள். பசிபிக் கரைப் பிள்ளைகள் ஐந்து சால்மனையும் விரலில் வைத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் கட்டைவிரல் 'தம்', அதோடு ஒலி ஒத்துப்போவது சம். சுட்டுவிரலால் கண்ணைக் குத்துவதுபோல் காட்டினால் சாக்கை (ஆங்கிலத்தில் 'சாக்' என்றால் குத்து, 'ஐ' என்றால் கண்). நடுவிரல்தான் பெரியது, எனவே கிங். சினூக்கைத்தான் அப்படியும் சொல்வார்கள். மோதிர விரலில் வெள்ளி மோதிரம், அது சில்வர் எனப்படும் கோஹோ. சுண்டுவிரல் பிங்கி, ஆகவே பிங்க்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. ஆடம்ஸ் ஆற்றுக்குப் போனபோது என் மகன் ஒவ்வொரு சாக்கையின் கண்ணையும் உற்று உற்றுப் பார்த்தான். பச்சைத் தலையும் சிவப்பு உடம்புமாக ஆறே சிவந்து கிடக்கிறது, இவனுக்குக் கண்தான் முக்கியம்! அந்தப் பெயருக்கும் கண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. இந்தக் கரையின் பழங்குடி மக்கள் வைத்த பெயர், ஆங்கிலேயர் காதில் அப்படி விழுந்திருக்கிறது. அறிவியல் பெயர்களிலும் இதே கதைதான். நெர்கா, கேட்டா, கிசுட்ச் எல்லாம் ரஷ்யாவின் கம்சட்கா பக்கம் வழங்கிய பெயர்கள். 1792இல் வால்பாம் என்ற ஜெர்மன் மருத்துவர் அவற்றையே எடுத்துச் சூட்டினார்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது: ஆன்கோரிங்கஸ் நெர்கா என்றால் முதலில் வருவது வீட்டுப் பெயர், அடுத்தது ஆளின் பெயர். நீங்கள் சொன்ன வளைந்த தாடைதான் அந்த வீட்டுப் பெயருக்கே காரணம், கொக்கி மூக்கு என்று அர்த்தம். ஐந்து விரலும் ஒரே வீடு. அட்லாண்டிக் சால்மன் பக்கத்து வீடு, சால்மோ சலார்.

குன்னூர்க்காரன்:

எங்கள் நீலகிரியில் சால்மன் கிடையாது, ஆனால் அதன் உறவு ஒன்று உண்டு. அவலாஞ்சியில் வெள்ளைக்காரர் காலத்து டிரவுட் பண்ணை இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்த் தொட்டியில் வானவில் டிரவுட்டைக் காட்டினேன். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே, முள் எதுவும் இல்லாமல் குட்டியாக ஒரு சதைத் துடுப்பு. சால்மன் குடும்பம் முழுக்க இது உண்டு.

ரொம்ப காலம் இந்த மீனைச் சால்மோ பேரினத்தில், அதாவது அட்லாண்டிக் சால்மனின் வீட்டில்தான் வைத்திருந்தார்கள். எலும்பு அமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தபின், 1989இல் ஆன்கோரிங்கஸ் மைகிஸ் என்று மாற்றிவிட்டார்கள். அதாவது அக்கா சொன்ன ஐந்து விரலோடு இதுவும் ஒரே வீடு. சால்மன் என்ற பெயரைச் சுமக்கும் அட்லாண்டிக் சால்மனைவிடச் சினூக்குக்கு எங்கள் ஊர் டிரவுட்தான் நெருங்கிய சொந்தம். என் பையன் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ பெயரை ஏன் மாத்தலை?" என்றான். கடைக்காரர்களும் தூண்டில்காரர்களும் பேரினத்தைப் பார்த்தா பெயர் வைத்தார்கள்!

காசிமேடு வாடிக்கை:

சென்னையில் 'இந்தியன் சால்மன்' என்று விலை போட்டு விற்பது நம்ம காலா. சொந்தமே இல்லை, குடும்பமே வேறு. பக்கத் துடுப்புக்குக் கீழே மீசை போல இழைகள் தொங்கும், அதைத் தொட்டுப் பார்த்து எண்ணச் சொல்லுங்கள். குன்னூர்க்காரர் சொன்ன சதைத் துடுப்பு இதற்குக் கிடையாது. மற்றபடி குழம்புக்கு அருமையான மீன், எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்.

ஸ்காபரோ அப்பா:

அக்கா, விரல் விளையாட்டு இப்போது வீட்டில் சாப்பாட்டு மேசை வரை வந்துவிட்டது, நன்றி. இந்தப் பக்கம் இருப்பவர்கள் போர்ட் ஹோப்பில் கனராஸ்கா ஆற்றுக்கும் போய்ப் பாருங்கள். கார்பெட் அணையில் மீன் ஏறுவதற்கென்றே படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். செப்டம்பரில் மழை பெய்து அடுத்த நாளாக இருந்தால் நல்லது. பிள்ளைகளுக்கு மாற்றுச் சாக்ஸ் எடுத்துப் போங்கள்.