‘ஸ்டார்ட்டர்’ தமிழில்: உறைமாவா, விதைமாவா?

திருவையாறு மடல்:

வணக்கம். ஆப்ப மாவு பற்றிய குறிப்புகளில் ‘ஸ்டார்ட்டர்’ என்றே எழுதிப் போகிறார்கள். புளித்த மாவில் ஒரு கரண்டி எடுத்து வைத்து, அடுத்த தடவை அரைத்த மாவில் கலக்கிறோமே, அதற்கு ஒரு சொல் வேண்டும். பாலுக்கு உறை ஊற்றுவதும் இதே வேலைதான். அதனால் ‘உறைமாவு’ என்று வைக்கலாமா?

கும்பகோணம் மறுமொழி:

ஐயா, ‘உறைமாவு’ என்று பார்த்தால் ஃப்ரீசரில் வைத்த மாவு என்றுதான் யாரும் நினைப்பார்கள். உறைபனி, உறைநிலை எல்லாம் குளிருக்குப் போய்விட்டன. தவிர, பால் உறைகிறது. மாவு உறைவதில்லை, பொங்குகிறது.

‘நொதிமாவு’ என்று யாராவது சொல்லும் முன் சொல்லிவிடுகிறேன்: பள்ளிப் புத்தகத்தில் நொதி என்றால் என்சைம். விவிலியத் தமிழில் ‘புளித்தமா’ இருக்கிறது. அழகான சொல், வேலையும் இதுவேதான். ஆனால் அடுக்களையில் ‘மாவு புளிச்சுப் போச்சு’ என்றால் குறை சொல்வது. நல்ல மாவுக்கு அந்தப் பெயர் ஒட்டுமா?

மன்னார்குடி மறுமொழி:

சொல்லைத் தேடுமுன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். தோசை மாவுக்கு இது தேவையே இல்லை. உளுந்திலும் அரிசியிலும் இருக்கும் நுண்ணுயிர்களே போதும். இட்லி மாவை உப்ப வைப்பதில் லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவின் பங்கை 1965-லேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். ஆப்பத்தில் உளுந்து பெயருக்குத்தான். அதனால் வெளியிலிருந்து துணை வேண்டும். முன்பு கள். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை என்பதால், இப்போது பழைய மாவு, புளித்த தேங்காய்த் தண்ணீர், அல்லது ஈஸ்ட்.

அளவு: பச்சரிசி 1 கப், இட்லி அரிசி 1 கப் (ஆடுதுறை 37 போன்ற குண்டு ரகம் நல்லது), உளுந்து 2 மேசைக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி. 5 மணி நேரம் ஊறட்டும். அரைக்கும்போது தேங்காய்த் துருவல் அரை கப், பழைய சாதம் ஒரு கைப்பிடி. அரைத்ததில் 2 மேசைக்கரண்டி எடுத்து, 1 கப் தண்ணீரில் கரைத்து, பளபளப்பாகும்வரை கூழ் காய்ச்சி மாவில் சேர்க்க வேண்டும். நடுப்பகுதி பஞ்சுபோல வருவதற்கு இந்தக் கூழ் பெரிய உதவி. கூழ் நன்றாக ஆறியபின், கடைசியில்தான் பழைய மாவு. சூட்டோடு கலந்தால் அது செத்துவிடும். மறுநாள் காலை மாவு வைத்தபடியே கிடக்கும்.

பத்துப் பங்கு மாவுக்கு ஒரு பங்கு பழைய மாவு போதும். சித்திரை வெயிலில் இருபதுக்கு ஒன்று. 6 மணி நேரத்தில் பொங்கிவிடும். மார்கழியில் 12 மணி நேரமாவது ஆகும். ‘நிறையப் போட்டால் சீக்கிரம் உப்பும்’ என்பது தப்புக் கணக்கு. பழைய மாவில் புளிப்பு தாங்கும் பாக்டீரியாக்கள்தான் மிஞ்சியிருக்கும். அவை மாவை முதலிலேயே புளிக்க வைத்துவிட்டால், காற்றை உண்டாக்கும் லியூகோநாஸ்டாக் தலையெடுக்காது. புளிப்பு ஏறும், உப்பல் வராது. ஆப்பச்சட்டியில் சுழற்றினால் ஓரம் சல்லடைக் கண்ணாக விரியாமல் வழவழவென்று ஒட்டிக்கொள்ளும்.

எடுத்து வைப்பதை உப்புப் போடுமுன் எடுக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் 3 நாள். நல்லதாக இருந்தால் மூடியைத் திறந்ததும் மேலே ஊசிக்கண் நுரை இருக்கும், மோர் வாசனை வரும். வினிகர் நெடி அடித்தாலோ, இளஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான்.

திருவையாறு மடல்:

அம்மா, ‘எடுத்து வைப்பது’ என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அறுவடையில் நல்ல நெல்லாகப் பார்த்து அடுத்த போகத்துக்கு எடுத்து வைப்பது விதைநெல். மாவிலும் அதே வேலை. ‘விதைமாவு’ என்றால் என்ன?

கும்பகோணம் மறுமொழி:

ஆளிவிதை மாவு, பூசணிவிதை மாவு என்று கடையில் பாக்கெட் தொங்குகிறதே?

மன்னார்குடி மறுமொழி:

அவற்றில் எந்த விதை என்ற பெயர் முன்னால் நிற்கிறது. ‘விதைமாவு’ தனியாக நின்றால் குழப்பம் குறைவு. ‘விதைமாவு விடு’, ‘விதைமாவு எடுத்து வை’ என்று வினையோடு வந்தால் அறவே இல்லை. விதைநெல்லைச் சமைத்துச் சாப்பிடக் கூடாது என்ற நினைப்பும் கூடவே வருகிறது. பாத்திரத்தை வழித்துக் கடைசி ஆப்பம் வரை ஊற்றிவிட்டுத் திண்டாடுபவர்களுக்கு அது தேவைதான்.

புளித்த தேங்காய்த் தண்ணீரை இந்தப் பெயரில் சேர்க்க வேண்டாம். முற்றின தேங்காய்த் தண்ணீர் அரை கப்பில் சர்க்கரை 1 தேக்கரண்டி போட்டு இரவு முழுக்க வைப்பது அது, மாவே இல்லை. அதற்குத் தனிச்சொல்லும் வேண்டாம், இருக்கும் பேச்சே புரிகிறது.

கும்பகோணம் மறுமொழி:

சரி, ஒப்புக்கொள்கிறேன். சொற்பட்டியலில் இப்படிச் சேர்க்கலாம்:

விதைமாவு (பெயர்ச்சொல்): புளித்த மாவிலிருந்து, உப்புச் சேர்க்குமுன், அடுத்த மாவைப் பொங்க வைப்பதற்காக எடுத்து வைத்த பகுதி. வழக்கு: “விதைமாவு வினிகர் நெடி அடிக்குது, இன்னிக்குத் தேங்காத் தண்ணி ஊத்து.”