பொருள்: 'திடீர்மாற்றம்' பொருந்துமா? அதற்குப் பதில் இரண்டு சொற்கள் வேண்டும்

சேலம், குகைப் பகுதியிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். புற்றுநோய்ப் பிரிவில் மரபணுச் சோதனை முடிவுகளை நோயாளிகளுக்கு விளக்கிச் சொல்வது என் வேலை.

போன வாரம் அம்மாப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா வந்தார். தறிக்காரக் குடும்பம், சினைப்பைப் புற்றுநோய். ரத்தச் சோதனையில் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவில் மாற்றம் தெரிந்தது. பாடநூல் பழக்கத்தில் 'திடீர்மாற்றம்' (mutation) என்றேன். "திடீர்னா எப்பங்க? எங்கம்மாவுக்கும் மார்ல கட்டி வந்துதான் போனாங்க, இருவது வருசம் ஆச்சே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்ததைத் திடீர் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் இன்னொருவர். அவருடைய கட்டியை மட்டும் சோதித்ததில் டிபி53 மரபணுவில் மாற்றம். வீரியம் மிகுந்த சீரஸ் வகைச் சினைப்பைப் புற்றில் அநேகமாக எல்லாருக்கும் இது இருக்கும். பெரும்பாலும் கட்டியோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. இதற்கும் அதே 'திடீர்மாற்றம்'தான்! மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தவர் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம்.

அம்மாப்பேட்டை அம்மாவுக்குத் தறியை வைத்துச் சொன்னேன். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களில், ஓர் இழை பழுதானால் அந்தப் பாவில் இறங்கும் சேலை எல்லாவற்றிலும் கோடு விழும். குறுக்கே ஓடும் ஊடையில் பழுதானால் அந்த இடத்தோடு சரி. "இழை பழுதாயிருந்தா சேலை அப்பவே கிழிஞ்சிருக்கணுமே" என்று கேட்டார். கெட்டிக்காரர். ரெண்டு இழை முறுக்கின நூல் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தாயிடம் ஒன்று, தகப்பனிடம் ஒன்று என்று இந்த மரபணு இரண்டு படி (நகல்) இருக்கும். ஒரு படி பழுதோடு பிறந்தாலும் மற்றது டிஎன்ஏ முறிவுகளைச் செப்பனிட்டுக்கொண்டிருக்கும். என்றைக்கோ ஓர் உயிரணுவில் அந்த இரண்டாவது இழையும் அறுந்தால் அங்கேதான் நோய் தொடங்குகிறது. ஆக, அவர் கட்டியில் பாவுப் பழுதும் உண்டு, ஊடைப் பழுதும் உண்டு.

ஆகவே பிறப்பிலேயே வருவதற்குப் 'பாவுமாற்றம்', கட்டியோடு நிற்பதற்கு 'ஊடைமாற்றம்' என்று வைத்துக்கொள்ளலாமா?

ஏற்காட்டிலிருந்து:

அன்புள்ள அம்மா, தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திடீர் வந்த வழியைச் சொல்கிறேன். 1901-இல் நெதர்லாந்தின் ஹியூகோ டி விரிஸ் ஒருவகை அந்திமலர்ச் செடியில் ஒரே தலைமுறையில் புது உருவங்கள் தோன்றியதைப் பார்த்து எழுதினார். அந்தத் திடீரைத்தான் நாங்களும் வருடக்கணக்காக வகுப்பில் சொன்னோம். செடிக்குப் பொருந்தியது, உங்கள் நோயாளிக்குப் பொருந்தவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

உவமை அருமை. ஆனால் 'பாவு' சொல்லாக வேண்டாம். தறி தெரியாதவர் காதில் அது 'பாவம்' என்று விழும். முன்பே "என்ன பாவம் செய்தேனோ" என்று அழுகிறவர்களிடம் அந்த ஒலி கூடாது. 'விதைவழி' அல்லது 'கருவழி' என்று பாருங்கள். இங்கே ஆரஞ்சு மரத்தில் ஒரு கிளை மட்டும் வேறுமாதிரி காய்த்தால் 'கிளைமாற்றம்' என்போம், அதுவும் உதவலாம்.

குகையிலிருந்து:

ஐயா, பாவம் எனக்குத் தோன்றவே இல்லை. நல்லவேளை, சொன்னீர்கள்.

விதை என்றால் நம் பேச்சில் தகப்பன். கரு என்றால் கருப்பை, அதாவது தாய். இரண்டும் பாதியை மறைக்கும். இது வெறும் சொல் நயத்துக்காகச் சொல்வதில்லை. அத்தைகள் இருவருக்கு மார்புப் புற்று வந்ததை ஒரு பெண் எங்களிடம் சொல்லவே இல்லை. "அம்மா பக்கம் மட்டும்தானே கேப்பீங்க" என்றார். அப்பாவுக்கு நோய் வராமலே இருக்கலாம், ஆனால் மாற்றத்தை மகளுக்குத் தந்திருப்பார். யார் வழியாக இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, சரிபாதி வாய்ப்பு. பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் உள்ள பெண்களில் 80 வயதுக்குள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேருக்கு மார்புப் புற்றும் 44 பேருக்குச் சினைப்பைப் புற்றும் வருகின்றன. ஓர் அத்தையை விட்டுவிட்டால் இழப்பு பெரிது.

'வழிவரு மாற்றம்', 'இடைவரு மாற்றம்' எப்படி இருக்கிறது? வருபுனல் போல வினைத்தொகை. வழி வந்தது, வருவது, வரப்போவது மூன்றும் அதற்குள் அடங்கும். அது வேண்டியும் இருக்கிறது. சில மாற்றங்கள் பெற்றோர் உடம்பில் இல்லாமல் முட்டையிலோ விந்தணுவிலோ புதிதாக உண்டாகும். பிறந்தவருக்கு முன்னோர் வழி இல்லை, ஆனால் அவர் வழியில் இனி இறங்கும். 'பரம்பரை' என்றால் இது விட்டுப்போகும். வாழ்நாளின் இடையில் ஓர் உயிரணுவில் வருவது இடைவரு. கிளைமாற்றம் செடிகளுக்கே இருக்கட்டும்.

ஏற்காட்டிலிருந்து:

வினைத்தொகையில் என் வாயை அடைத்துவிட்டீர்கள் அம்மா. வழிவரு, இடைவரு இரண்டுக்கும் என் ஒப்புதல். தறி உவமையை விளக்கத்தில் கட்டாயம் வையுங்கள், படமும் போடுங்கள்.

குகையிலிருந்து:

வைக்கிறேன் ஐயா. வியாழக்கிழமை அம்மாப்பேட்டை அம்மா தம்பியையும் மகளையும் ரத்தம் கொடுக்கக் கூட்டி வருகிறார். தம்பி வரமாட்டேன் என்றாராம், "ஆம்பளைக்கு எதுக்கு?" என்று. இருவர் தாளிலும் 'வழிவரு மாற்றம்: உண்டா, இல்லையா' என்று எழுதி வைத்துவிட்டேன்.