பழவேற்காடு: கைடோட போனவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பெரம்பூர்க்காரி

ஒரு ஞாயித்துக்கிழமை நடைப்பயணக் குழு ஒண்ணோட பழவேற்காடு ஏரிக்குப் போயிட்டு வந்தேன். காலைல பறவை, மதியத்துக்கு மேல சரித்திரம். பறவையப் பத்தி எல்லாரும் எழுதுவீங்க, அதை விட்டுடறேன். எனக்கு இன்னும் உறுத்தறது டச்சுக் கல்லறை.

வாசல்ல ரெண்டு எலும்புக்கூடு செதுக்கி இருக்குமே, அங்கயே கைடு தம்பி கால் மணி நேரம் நிறுத்திட்டார். பசங்களை எலும்புக்கூடு மாதிரியே நிக்கச் சொல்லி ஒவ்வொருத்தருக்கா போட்டோ. குறை சொல்ல முடியாது, நல்லாத்தான் பேசினார். 1613ல கெல்ட்ரியா கோட்டை எழுந்தது, 1690 வரைக்கும் சோழமண்டலக் கரை டச்சுக்காரங்களுக்கு இதுதான் தலைமையிடம், அப்புறம் நாகப்பட்டினத்துக்கு மாத்திக்கிட்டாங்க, இங்க நெய்ஞ்ச துணி ஜாவா பக்கம் போகும், அங்கேர்ந்து வாசனைச் சரக்கு வரும். கல்லுல இருக்கற குடும்பச் சின்னத்தை எல்லாம் விரல் வச்சுக் காட்டினார்.

நான் கேட்டேன், "துணி மட்டுமா தம்பி கப்பல்ல ஏத்துனாங்க? ஆளுங்களையும்தானே?" பஞ்சம் வந்த வருஷங்கள்ல சனங்களை அடிமையா வாங்கி பத்தாவியாவுக்கு (இப்ப ஜகார்த்தா) அனுப்பினது இந்தக் கரையிலேர்ந்துதானே.

அவர் குரலைத் தாழ்த்திக்கிட்டு, "மேடம், குழந்தைங்க இருக்காங்க" ன்னார்.

அவருக்குப் பின்னாடி ஆறு வயசுப் பையன் ஒருத்தன் எலும்புக்கூட்டுப் பக்கத்துல நாக்கைத் துருத்திக்கிட்டு நிக்கறான். அவங்க அம்மா, "இன்னும் கொஞ்சம் பயங்கரமா நில்லுடா செல்லம்" னு போன்ல எடுத்துட்டு இருக்காங்க.

நான் வாயை மூடிக்கிட்டு வேன்ல ஏறிட்டேன். உங்க கைடு யாராவது இதைச் சொன்னாங்களா? அதைத் தெரிஞ்சுக்கத்தான் எழுதறேன்.

கொரட்டூர் கேமரா

எங்க கைடு சொல்லல. ஆனா நான் எழுத வந்தது வேற.

ஏழெட்டு வருஷம் ஆச்சு. அப்பதான் பெரிய லென்ஸ் வாங்கின புதுசு. அஞ்சு பேர் சேர்ந்து படகு பிடிச்சோம். தூரத்துல பூநாரைக் கூட்டம் வெள்ளைக் கோடு போட்ட மாதிரி நிக்குது. தலையத் தலைகீழா தண்ணிக்குள்ள விட்டு மேஞ்சுக்கிட்டு இருக்குதுங்க, எங்களைக் கண்டுக்கவே இல்ல. அரை மணி நேரம் பாத்த படகுக்காரர், "சும்மா நிக்கறத என்னா சார் படம் எடுக்கறீங்க? எல்லாரும் கை தட்டுங்க, எந்திரிக்கும்" னார்.

தட்டினோம். நானும் தட்டினேன்.

நூத்துக்கணக்குல தண்ணி மேலயே ஓடி ஓடி எழும்புச்சு. இறக்கை விரிஞ்சா உள்ள இருக்கற சிவப்பு, ஓரத்துல கறுப்பு, பாத்தவங்களுக்குத் தெரியும். அஞ்சு கேமராவும் சடசடன்னு அடிக்குது. அந்த சந்தோஷத்துல படகுக்காரர் வேகமாத் திருப்பறார், பக்கத்துல கழுத்தளவுத் தண்ணியில ரெண்டு பொம்பளைங்க. இறால் தடவறவங்க. கையாலயே சேத்தைத் தடவிப் பிடிச்சு, பனையோலைப் பறியில போட்டுக்குவாங்க. ரெண்டு கையும் தண்ணிக்குள்ள இருக்கறதால பறியைப் பல்லால கவ்விக்கிட்டு இருப்பாங்க. எங்க படகு கிளப்பின அலை நேரா அவங்க முகத்துல அடிச்சுது. பெரியவங்க ஒருத்தங்க எங்களையே பாத்தாங்க. வாயைத் திறந்தா பறி போயிடும். அதனால திட்டக்கூட முடியல அவங்களால.

படம் பிரமாதமா வந்துச்சு. ஹால்ல மாட்டினேன். ரெண்டு மாசத்துல கழட்டிட்டேன்.

நங்கநல்லூர் நடையன்

கொரட்டூர் நண்பருக்கு, நீங்கள் படகு பிடித்ததே தவறு. 2011 டிசம்பர் 25 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். கரையில் அறிவிப்புப் பலகை வைத்திருந்தும் "வாங்க சார், ஒரு ரவுண்டு" என்று கூப்பிடுவார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். ஒன்பது பேருக்கு ஒரே ஒரு லைஃப் ஜாக்கெட். அதையும் "போட்டோவுக்குப் போட்டுக்கிட்டு அடுத்தவர்கிட்ட குடுங்க" என்றார் படகுக்காரர். நான் இறங்கிவிட்டேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள், ஏப்ரலில் போய்விட்டுப் பறவை இல்லை என்று இங்கே வந்து புலம்பாதீர்கள். கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரியில் இறங்கினால் பஸ் இருக்கிறது, காருக்கு அவசியமே இல்லை. வெள்ளை, சிவப்புச் சட்டை வேண்டாம். மண் நிறம், மங்கிய பச்சை நல்லது. கரையில் நிழல் என்பதே கிடையாது, தொப்பியும் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் கட்டாயம். பைனாகுலர் 8 மடங்கு போதும். 10 மடங்கு, 12 மடங்கு என்று வாங்கினால் கை நடுங்கி ஒன்றும் தெரியாது. கைடு விஷயம் தெரிந்தவரா என்று சோதிக்க, பெரும் பூநாரைக்கும் சிறு பூநாரைக்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். பெரியதற்கு வெளிர் ரோஜா அலகு, நுனி மட்டும் கறுப்பு. சிறியதற்கு அலகு முழுக்கக் கருஞ்சிவப்பு. திணறினார் என்றால் பறவைக்கு அவரை நம்பாதீர்கள். கூழைக்கடா கூடு பார்க்க வேண்டுமானால் இங்கே நிற்காமல் அதே ரயில் பாதையில் சூலூர்ப்பேட்டை வரை போய் நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்துக்குப் போங்கள். நண்டு வாங்குவதாக இருந்தால் எல்லாம் முடிந்து கிளம்பும்போது வாங்குங்கள். காலையிலேயே வாங்கிவிட்டு நாள் முழுக்கப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெரம்பூர் அம்மாவுக்கு: அந்தக் கைடு சொன்னதில் தவறில்லை. பிக்னிக் வந்த குழந்தைகளிடம் அடிமை வியாபாரம் எதற்கு?

பெரம்பூர்க்காரி

ஐயா, எலும்புக்கூடு காட்டலாம், அது எதுக்கு வந்துச்சுன்னு மட்டும் சொல்லக் கூடாதா? அந்தக் கல்லுக்குக் கீழ இருக்கறவங்க பேர் முன்னூறு வருஷத்துக்கும் மேலா அழியாம இருக்கு. கப்பல்ல போனவங்கள்ல ஒருத்தர் பேராவது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது.

மணலி மாமி

சண்டை போட்டுக்காதீங்கோ. நான் போனது இருக்கம் தீவு. ஏரிக்குள்ளதான் இருக்கு, ஆந்திர எல்லை, ஆனா பேசறதெல்லாம் நம்ம தமிழ்தான். பறவை பாக்கற பத்துப் பேரோட போயிருந்தோம். கைடு பைனாகுலரை ஆள் மாத்தி ஆள் குடுத்துண்டே வரார். வீட்டு வாசல்ல உக்காந்திருந்த பாட்டி ஒருத்தி, "எனக்கும் குடு, பாக்கறேன்" ன்னா. குடுத்தோம். எல்லாரும் இந்தப் பக்கம் நாரையைக் காட்டறோம், அவ அந்தப் பக்கம் திருப்பிண்டு எதிர்க்கரையையே பாத்துண்டிருந்தா. ரொம்ப நேரம். அப்புறம் என் கையில திருப்பிக் குடுத்துட்டு, "படகு கெளம்பல இன்னும்" ன்னா.

யார் வரணும்னு நான் கேக்கலை. கேட்டிருக்கணும்.

கே.கே.நகர் குமரன்

ஒரே வழி, மொத்தமா மூடறது. பசிபிக் கடல் நடுவுல மிட்வேன்னு ஒரு தீவு இருக்கு. 1942ல ஜப்பானும் அமெரிக்காவும் பெரிய சண்டை போட்ட இடம். இப்ப ஆல்பட்ராஸ் பறவைங்களுக்கான சரணாலயம். சரித்திரமும் பறவையும் சேத்துக் காட்டற சுற்றுலா அங்கயும் இருந்துச்சு. 2012ல நிறுத்திட்டான். பறவை நிம்மதியா இருக்கு. இங்கயும் அதையே செய்யணும்.

கொரட்டூர் கேமரா

குமரன், அங்க நிறுத்தினது பறவை மேல இருந்த பாசத்துல இல்ல. ஆளு வச்சு நடத்தப் பணம் பத்தல, அதனால நிறுத்தினாங்க. நிம்மதியும் இல்ல. சுத்துப்பட்டுல ஊரே இல்லாத அந்தத் தீவுல செத்துக் கிடக்கற குஞ்சுங்க வயித்துல பாட்டில் மூடி, சிகரெட் லைட்டர் இருக்கு. தாய்ப்பறவை கடல்ல மிதக்கறதை இரைன்னு நினைச்சு எடுத்து வந்து ஊட்டுது. கேட்டை மூடிட்டா போதும்னா, அந்த மூடி எப்படி உள்ள போச்சு?

முகத்துவாரம்

நான் அந்த ஊருதாங்க. இப்ப அம்பத்தூர்ல கம்பெனி வேலை. ரொம்ப நேரமா படிச்சிட்டு இருக்கேன், சும்மா இருக்க முடியல.

படகுக்காரன் படகுக்காரன்னு சொல்றீங்களே, அவன் திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் மீன்காரன். ஏரியில அவனவன் இஷ்டத்துக்கு வலை போட முடியாது சார். பாடுன்னு ஒரு முறை இருக்கு, எந்த இடத்துல எந்த நாள் யாருன்னு ஊர் கூடி முடிவு பண்றது. முகத்துவாரம் மண்ணு தூந்துபோச்சுன்னா கடல் தண்ணி உள்ள ஏறாது, இறாலும் ஏறாது. பாடு வந்தும் வெறும் வலையோட திரும்பணும். ஸ்ரீஹரிகோட்டால ராக்கெட் விடற அன்னைக்குக் கடலுக்குப் போவாதன்னுவாங்க. ஞாயித்துக்கிழமை நீங்க வந்து நிக்கறீங்க, கையில நோட்டு இருக்கு. தப்புதான், இல்லன்னு சொல்லல. அந்தக் கிறிஸ்துமஸ் எங்களுக்கும் மறக்கல. நங்கநல்லூர் ஐயா படகை விட்டு எறங்குனாரு, சரி. சனிக்கிழமை ராத்திரி வெறும் வலையோட வந்தவன் என்ன பண்ணணும்னு அவரு அட்வைஸ்ல காணோம்.

அக்கா கேட்ட அடிமை விஷயத்துக்கு வரேன். எங்க வீட்டுல சொல்லி நான் கேட்டதில்ல. ஸ்கூல்ல சொன்னதா ஞாபகம் இல்ல. ஆனா நானும் கைடா இருந்தவன்தான்! ஆறாவது படிக்கறப்ப. கல்லறை கேட்டாண்ட நின்னு கார்ல வர்றவங்களக் கூட்டிப் போவோம், ஆளுக்கு அஞ்சு ரூபா. உள்ள ஒரு பெரிய கல்லு, பூவேலை எல்லாம் நல்லா இருக்கும். அதை நான் "ராணி சமாதி" ம்பேன். கப்பல்ல வந்த டச்சு ராணி, இங்க வந்து காய்ச்சல்ல செத்துட்டாங்க, ராஜா அழுதுகினே கல்லு வச்சாருன்னு. ரெண்டு வருஷம் அதே கதை. சில பொம்பளைங்க கண்ணைத் தொடச்சிக்குவாங்க, அப்ப பத்து ரூபா கெடைக்கும்.

ஒருநாள் வெள்ளைக்காரர் ஒருத்தர் வந்தாரு, வயசானவரு, கூட ஒரு மெட்ராஸ் வாத்தியார். நான் கதைய ஆரம்பிச்சேன். வாத்தியார் இங்கிலீஷ்ல சொல்லிக்கினே வராரு. வெள்ளைக்காரர் மண்டி போட்டு கல்லுல இருந்த எழுத்த வெரலால தடவித் தடவிப் படிச்சாரு. படிச்சிட்டு வாத்தியார்கிட்ட மெதுவா என்னமோ சொன்னாரு. வாத்தியார் என்னைப் பாத்து, "தம்பி, இது ஆம்பளைடா. வியாபாரி" ன்னாரு.

நான் ஓடிரலாம்னு பாத்தேன். வெள்ளைக்காரர் கூப்ட்டு பத்து ரூபா குடுத்தாரு. சிரிக்கல, திட்டல. "மீதிக் கதையையும் சொல்லச் சொல்றார்" னு வாத்தியார் சொன்னாரு. வாய் வரல எனக்கு.

நங்கநல்லூர் நடையன்

தம்பி, அட்வைஸ் என்று சொல்லிவிட்டீர்கள், பரவாயில்லை. இறால் தடவும் பெண்கள் எந்த நேரத்தில் தண்ணீரில் இறங்குவார்கள்? கரையில் நடப்பவர்கள் அந்த நேரத்தை விட்டுப் போகலாமே.

முகத்துவாரம்

நேரம்னு ஒண்ணு கெடையாதுங்க ஐயா. தண்ணி ஏத்தம் எறக்கத்தைப் பொறுத்தது. நீங்க நடங்க, ஒண்ணும் ஆவாது. படகுலதான் வம்பு.

பெரம்பூர்க்காரி

தம்பி, அடுத்த மாசம் மறுபடி போறேன், குழுவோட இல்ல, தங்கச்சியோட. அந்த ராணி கல்லு எந்தப் பக்கம்?

முகத்துவாரம்

உள்ள நுழைஞ்சதும் இடது கைப் பக்கமாப் போங்க அக்கா. தேட வேணாம். கேட்டாண்ட எவனாவது ஒரு பொடியன் நிப்பான், ராணி சமாதின்னா அவனே கூட்டிப் போவான். போன பொங்கலுக்குப் போனப்பவும் அதையேதான் சொல்லிக்கினு இருந்தானுங்க. இப்ப ஆளுக்கு அம்பது ரூபா.