அவ்வா பேசுவது எல்லாம் புரிகிறது, பதில் சொல்ல வாய் வரவில்லை

தூக்கணாங்குருவி:

எங்கள் வீட்டில் பெரியவர்கள் தங்களுக்குள் தெலுங்கு பேசுவார்கள், பிள்ளைகளிடம் அம்மாவும் அப்பாவும் தமிழ். அவ்வா, அதாவது பாட்டி, மட்டும் என்னிடம் தெலுங்கில் கேட்பார், நான் தமிழில் பதில் சொல்வேன், முப்பது வருடம் இப்படியே ஓடிவிட்டது. ஒரு வார்த்தை விடாமல் புரியும். அழுதுகொண்டே பேசினாலும், வேகவேகமாகச் சண்டை போட்டாலும் புரியும். நான் பேசலாம் என்று வாயைத் திறந்தால் தமிழ்தான் வருகிறது.

இப்போது அவ்வாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது. பிற்பாடு கற்றுக்கொண்ட தமிழ்தான் முதலில் போகிறது. போன வாரம் பார்க்கப் போனேன், "எப்புடு ஒஸ்திவி?", எப்போது வந்தாய் என்று கேட்டார். "இப்பதான் அவ்வா" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டார். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை.

போனில் ஒரு ஆப் போட்டு நாற்பது நாள் படித்தேன். அதில் வரும் வார்த்தையெல்லாம் எனக்கு முன்பே தெரிந்ததுதான், பேச்சு மட்டும் வரவில்லை. காதில் இருந்த மொழியை வாய்க்குக் கொண்டுவந்தவர்கள் இங்கே இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். எனக்கு அதிக நாள் இல்லை.

எட்டாம் நம்பர்:

வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் சின்ன வயதில் வராத மொழி முப்பதுக்கு மேல் வருவது கஷ்டம். அவர் பக்கத்தில் இருங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதுவே போதும்.

நெட்டிலிங்கம்:

எட்டாம் நம்பர், நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் அது சரியில்லை. இவருக்கு மொழி சின்ன வயதிலேயே வந்துவிட்டது, பாதி வந்தது, அவ்வளவுதான். 2002-ல் டெரி ஆவ் என்பவரும் கூட இருந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சிறுவயதில் ஸ்பானிஷைக் காதால் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் பிறகு கல்லூரியில் அதைப் படித்தபோது, புதிதாகத் தொடங்கியவர்களைவிட உச்சரிப்பு எவ்வளவோ நன்றாக இருந்தது. இலக்கணத்தில் அப்படி ஒரு முன்னிலை இல்லை, அதை உட்கார்ந்து பழகத்தான் வேண்டியிருந்தது. ஆக, வயதான பிறகு வரச் சிரமப்படும் ஒலி இவரிடம் ஏற்கனவே இருக்கிறது. மிச்சம் இருப்பது பழக்கம்.

எனக்கும் கன்னடம் இப்படித்தான் இருந்தது. கேட்டதும் புரிவது வேறு வேலை, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வார்த்தையைத் தேடி எடுப்பது வேறு வேலை. ஆப்பில் நாலு விடையில் ஒன்றைத் தொட்டால் மறுபடியும் முதல் வேலையைத்தான் செய்கிறீர்கள், நாற்பது நாள் போனது அதனால்தான். நான் செய்தது இது: பெரியம்மா என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை எழுதினேன், இருபதுகூடத் தேறவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை அம்மாவிடம் கேட்டுப் போனில் பதிவு செய்து, நடக்கும்போது கூடவே சத்தமாகச் சொன்னேன். மனதுக்குள் சொன்னால் ஒட்டாது, உதடு அசைய வேண்டும். மூன்றாவது வாரம் முதல் பதில் தானாக வந்துவிட்டது.

வெள்ளைக்கொக்கு:

நான் 27 வயதில் ஜப்பானிய மொழி தொடங்கினேன், அதனால் வயதைப் பற்றிச் சொல்ல எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு ஜப்பானியத்துக்கு 2,200 வகுப்பு மணி என்று கணக்கு வைத்திருக்கிறது, ஸ்பானிஷுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதுமாம். அதைப் படித்துவிட்டுப் பயந்துகொண்டேதான் போனேன். போய்ப் பார்த்தால் "செய்து பார்" என்பதற்கு "ஷிதே மிரு" என்கிறார்கள், மிரு என்றாலே பார்ப்பதுதான். "வாங்கி வை" என்பது "கத்தே ஓகு", ஓகு என்றால் வைப்பது. வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால், எல்லாம் நம் வீட்டு வரிசை. எழுத்துதான் வருடக்கணக்கில் உயிரை வாங்கியது.

சகோதரி, அவ்வளவு தூரத்தில் இருக்கும் மொழிக்கே தமிழ் இப்படிக் கை கொடுக்கிறது என்றால் தெலுங்குக்குச் சொல்லவா வேண்டும்? "மழை வந்தால் வரமாட்டேன்" என்று நினையுங்கள், "வான ஒஸ்தே ரானு" என்று அதே வரிசையில் வரும். வாக்கியத்தைப் புதிதாகக் கட்ட வேண்டாம், தமிழில் ஓடுவதை அப்படியே விட்டு வார்த்தையை மட்டும் மாற்றுங்கள்.

மணிப்புறா:

ஒன்று கவனியுங்கள், இதை யாரும் சொல்லவில்லை. உங்கள் அவ்வா "ஒஸ்திவி" என்று கேட்டிருக்கிறார். பாடப்புத்தகத்திலும் ஆப்பிலும் "வச்சாவு" என்றுதான் இருக்கும். எங்கள் வீட்டிலும் "ஒஸ்தினி" என்றால் வந்தேன், ஆப்பிலோ அதே மாதிரி கேட்கும் "வஸ்தானு" என்றால் வருவேன். தலைமுறை தலைமுறையாகத் தமிழுக்குப் பக்கத்திலேயே இருந்த வீட்டுத் தெலுங்கு இது, பழைய வடிவங்கள் அதில் தங்கியிருக்கின்றன. அது தப்பு என்று யாராவது திருத்த வந்தால் கேட்காதீர்கள். மறதி வந்த மனுஷிக்கு ஆப் தெலுங்கு இன்னொரு அந்நிய மொழி மாதிரி ஆகிவிடும். அவர் சொல்லும் வாக்கியத்தையே பிடித்து, "-திவி" வரும் இடத்தில் "-தினி" போட்டால் பாதி பதில் தயார்.

தூக்கணாங்குருவி:

எல்லோருக்கும் நன்றி. பதினெட்டு நாள் கழித்து எழுதுகிறேன். அம்மாவிடம் பதினான்கு பதில்கள் பதிவு செய்து வாங்கினேன், முதல் நாள் அம்மாவுக்கே வெட்கம், அப்புறம் அவரே ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கொடுத்தார். ஆப்பை எடுத்துவிட்டேன்.

நேற்றுப் போனேன். அதே கேள்வி, "எப்புடு ஒஸ்திவி?" "இப்புடே ஒஸ்தினி அவ்வா" என்றேன், குரல் நடுங்கியது. அவ்வா அதிசயமாகப் பார்க்கவே இல்லை. நான் எப்போதும் அப்படித்தான் பேசுவேன் என்பது போல, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு, தன் அக்காவைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்துவிட்டார்.